கடை வைக்கும் உரிமை

கனடாவில் பிறந்து வளர்ந்த என் தங்கையின் மகன் அண்மையில் முதன்முறையாக எங்கள் ஊராகிய நாரந்தனைக்கு வந்திருந்தான். பொருளியல் படித்தவன். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று நீளும் பாதையில் வெறுமையாகக் கிடக்கும் வளவுகளையும் கூரையில்லாத கல்வீடுகளையும் பார்த்தபடி வந்தவன், மாலையில் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று, எதிரே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைக் காட்டிச் சொன்னான்: "நாடு கிடைச்சிருந்தா இந்த இடம் இப்ப சிங்கப்பூர் மாதிரி வந்திருக்கும், மாமா. திறந்த துறைமுகம், சுதந்திர வர்த்தகம். அதுக்குத்தானே இவ்வளவும்?"

வட்டுக்கோட்டைத் தீர்மானத்தைப் படித்திருக்கிறாயா என்று கேட்டேன். கைத்தொலைபேசியில் தேடி எடுத்தான். 1976 மே 14ஆம் நாள் பண்ணாகத்தில் தந்தை செல்வா தலைமையில் நிறைவேறிய அத்தீர்மானம், சுதந்திரமான, இறைமையுள்ள, மதச்சார்பற்ற, சமதர்ம அரசு ஒன்றை வேண்டி நின்றது. நான்காவது சொல்லில் அவன் கண் நின்றுவிட்டது. "சோசலிசமா? கடைக்காரச் சனம் எப்பிடி இதுக்கு வோட்டுப் போட்டது?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலும், அவன் மறுத்ததும், மூன்று நாள்களாக நீண்ட அந்த வாதத்தின் முடிவில் நான் சொல்ல நேர்ந்த ஒரு விடயமுமே இப்பத்தி.

தீவகத்து மனிதர்களைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சொல். மழையை நம்பிய மண்ணும் உவர்நீர்க் கிணறுகளும் கொண்ட எங்கள் தீவுகளில் மண்ணை மட்டும் நம்பி வாழ முடியாது. ஆகவே ஆண்கள் கடைகளை நம்பிப் புறப்பட்டார்கள். நாரந்தனை, கரம்பன், வேலணை, புங்குடுதீவு, காரைநகர் என எந்த ஊரை எடுத்தாலும், தெற்கே சிங்களச் சிற்றூர் ஒன்றின் சந்தியில் சுருட்டுக்கடையோ பலசரக்குக்கடையோ சைவச் சாப்பாட்டுக்கடையோ வைத்திருந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். மனைவி மக்கள் ஊரில், முதலாளி கடையில். ஆண்டில் இரண்டு தடவை, கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும், ஊருக்கு வருவார். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். குருநாகல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அவருக்குச் சுருட்டுக்கடை இருந்தது. சிங்களம் நன்றாகப் பேசுவார். கணக்கைத் தமிழில் எழுதுவார்.

அந்தக் கடை 1958இல் கொள்ளையிடப்பட்டது. கடன் வாங்கி மீண்டும் திறந்தார். 1977 ஜூலைத் தேர்தலில் ஊருக்கு வந்து கூட்டணிக்கு வாக்களித்துவிட்டுத் திரும்பினார். ஆகஸ்டில் கடை எரிக்கப்பட்டது. அதன்பின் அவர் போகவில்லை. அப்போது நான் பத்திரிகைத் துறையில் இளநிலை நிருபர். தனிநாட்டுக் கோரிக்கைக்கு ஆதரவாகச் சரித்திரச் சான்றுகளையெல்லாம் அடுக்கி அவரிடம் பேசிய எனக்கு, அவர் தந்த விடை இன்றும் காதில் இருக்கிறது. சங்கிலியன் இருந்தானோ இல்லையோ எனக்குத் தேவையில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய சாமானை, விருப்பப்பட்டு வாங்க வருகிற ஒருவனுக்கு விற்க இந்த நாடு விடுமென்றால் எனக்கு வேறு நாடு வேண்டாம், விடாதென்றால் இது எனக்கு எப்படி நாடாகும் என்றார்.

பின்னாளில் இயற்கை உரிமை பற்றிய நூல்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த வாக்கியமே நினைவுக்கு வந்தது. உழைப்பால் வந்த உடைமை மனிதனுக்கு உரியது. அரசு அதைப் பாதுகாக்கவே ஏற்பட்டது. பாதுகாக்க மறுப்பதோடு நில்லாமல் பறிப்பவரோடும் சேர்ந்துகொண்டால், கீழ்ப்படியும் கடமை குடிமகனுக்கு இல்லை. ஜோன் லொக் இதைச் சொல்லப் பல அத்தியாயங்கள் எடுத்துக்கொண்டார். தீர்மானத்தில் இருந்த சமதர்மம் என்ற சொல்லை என் தந்தை கவனித்தாரா என்பது ஐயம். கவனித்திருந்தாலும், அக்காலத்தில் எல்லாக் கட்சிகளும் கோயில் அறிவித்தலில் 'உ' போடுவதுபோல் அதைப் போட்டுக்கொண்டன என்று எடுத்துக்கொண்டிருப்பார். மருமகனின் கேள்விக்கு இதுவே என் பதில்.

அவன் விடவில்லை. "அப்ப யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்? அவையள் சுதந்திர வர்த்தகத்தாலதானே அழிஞ்சது?"

உண்மைதான். 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியில், மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. குடாநாட்டின் செம்மண்ணில் பணம் விளைந்தது. மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டியவர்கள், உழவு இயந்திரம் வாங்கியவர்கள் பலர். 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன கதவுகளைத் திறந்துவிட்டார்; மலிவான மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்திறங்க, அந்த வாழ்வு சரிந்தது. திட்டமிட்டுத் தமிழ் விவசாயியை அழித்தார்கள் என்று நாங்கள் எழுதினோம். நானும் எழுதினேன்.

இன்று அவ்வாறு எழுதமாட்டேன். அதே மூடிய பொருளாதாரத்தின் மறுபக்கத்தை அன்று நாங்கள் எழுதவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும், பங்கீட்டு வெட்டும், அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல வீதிகளில் போடப்பட்ட தடைகளும், உலகச் சந்தை விலையேற்றமும் ஒன்றுசேர்ந்து 1973, 1974 ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களைப் பட்டினியில் தள்ளின. அங்கே இறப்பு வீதம் உயர்ந்தது. இறந்தவர்களும் தமிழர்களே. எங்கள் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த அதே காலத்தில், அதே கொள்கையின் கீழ், நுவரெலியாவில் ஒரு தாய் கோதுமை மாவுக்கு வழியில்லாமல் நின்றாள். ஒருவரின் உயர்ந்த விலை இன்னொருவரின் வெறும் பாத்திரம். அந்த உயர்ந்த விலையை இயற்கை உரிமை என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் வேறுபாடு பிறக்கிறது. மலிவான இந்திய மிளகாய் என் அயலவரின் வருமானத்தைக் குறைத்தது. தீ என் தந்தையின் கடையை எடுத்துக்கொண்டது. முன்னது இழப்பு, பின்னது அநீதி. கொள்கையைத் திடீரென மாற்றி ஈடு எதுவும் தராத அரசின் மீது விவசாயிக்குக் கோபம் வருவது இயல்பே. வாக்குச்சீட்டில் அதைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் புரட்சிக்கான நியாயம் அதிலிருந்து பிறவாது. நாங்கள் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி 'தமிழரின் பொருளாதார ஒடுக்குமுறை' என்று பெயர் எழுதி ஏற்றினோம்.

இது எங்களுக்கு மட்டும் உரிய குற்றம் அன்று. 1773 டிசம்பரில் பொஸ்ரன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. அந்தத் தேயிலை விலை கூடிய தேயிலை அல்ல. அவ்வாண்டுச் சட்டத்தால் விலை குறைந்த தேயிலை. சம்மதமின்றி வரி விதிப்பது தவறு என்ற உயர்ந்த வாதத்தோடு, மலிவான தேயிலையால் பிழைப்பை இழக்கவிருந்த கடத்தல் வணிகரின் கோபமும் கலந்திருந்தது. எங்கள் கதையிலும் அதற்கு இணை உண்டு. பாக்கு நீரிணையில் தலைமுறைகளாக நடந்த போக்குவரத்து, இரு நாடுகளும் சுதந்திரமடைந்து கடவுச்சீட்டும் சுங்கமும் இறுகியதும், ஒரே இரவில் 'கள்ளக்கடத்தல்' ஆயிற்று. வல்வெட்டித்துறையின் படகோட்டிகள் இயக்கங்களின் முதல் படகோட்டிகளாகவும் ஆனதில் வியப்பில்லை.

இழப்பையும் அநீதியையும் பிரித்துப் பார்க்க இன்னொரு எடுத்துக்காட்டும் அதே கடலில்தான் இருக்கிறது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். பிரித்தானியக் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. அது போட்டி, எரிச்சலூட்டும், ஆனால் பதிலுக்குப் போட்டியிடலாம். 1908இல் அவரைச் சிறையிலிட்டு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்களே, அது வேறு. சுதந்திர வணிகத்தை உலகெங்கும் போதித்த சாம்ராச்சியம், தன் கப்பலுக்கு எதிரே ஒருவன் கப்பல் விட்டதும் நீதிமன்றத்தைத் துணைக்கு அழைத்தது. (ஆங்கிலத்தில் அவரைக் குறிக்கும் வி. ஓ. சி. என்ற அதே மூன்றெழுத்துத்தான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் சுருக்கப்பெயர். ஒன்று ஏகபோகத்தை எதிர்த்தது, மற்றது ஏகபோகமாகவே வாழ்ந்தது.)

அந்த ஒல்லாந்தக் கம்பனிக்கு இனி வருகிறேன். மருமகனிடம் நான் சொன்னவற்றுள் அவனை உண்மையிலேயே மௌனமாக்கியது இந்தப் பகுதிதான்.

ஒல்லாந்தர் புரட்சி செய்து பிறந்தவர்கள். ஸ்பானிய மன்னன் தங்கள் உரிமைகளைக் காக்கத் தவறினான், ஆகவே அவன் இனி மன்னன் அல்லன் என்று 1581இல் எழுத்தில் அறிவித்தவர்கள். 1603இல் அவர்களுடைய கம்பனியின் கப்பல்தலைவன் ஒருவன், மருமகன் உதாரணம் காட்டிய அதே சிங்கப்பூருக்கு அருகே, சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலைச் சரக்கோடு பிடித்தான். இது கொள்ளையா, நீதியா? நியாயம் எழுதித் தரும்படி கம்பனி ஓர் இளம் வழக்கறிஞரைக் கேட்டது. அவர் பெயர் ஹியூகோ குரோஷியஸ். அவ்வெழுத்திலிருந்து ஒரு பகுதி 1609இல் ஆசிரியர் பெயரின்றி 'சுதந்திரக் கடல்' என்ற பொருளுள்ள லத்தீன் தலைப்பில் நூலாக வந்தது. கடல் எவருக்கும் சொந்தமன்று. எந்த மக்களும் எந்த மக்களோடும் வணிகம் செய்யும் உரிமை இயற்கை தந்தது. அதைத் தடுப்பவன் மீது போர் தொடுப்பது நீதி என்பதே அதன் சாரம். சுதந்திர வணிகம், இயற்கை உரிமை, கிளர்ச்சியின் நியாயம் மூன்றும் ஒரே முடிச்சில்!

நான்கே ஆண்டுகள். 1613இல் இலண்டனில் ஆங்கிலேயரோடு பேச்சுவார்த்தை. மசாலாத் தீவுகளில் ஒல்லாந்தர் ஆங்கிலேயரை நுழையவிடாதது பற்றிய தகராறு. ஒல்லாந்தத் தரப்பில் குரோஷியஸும் அமர்ந்திருந்தார். ஆங்கிலேயர் அந்தப் பெயரில்லாத நூலை எடுத்து அவர் முன்னாலேயே மேற்கோள் காட்டினார்கள். அவரோ, தீவார் எங்களோடு உடன்படிக்கை செய்திருக்கிறார்கள், அவர்களைக் காக்க நாங்கள் செலவழித்திருக்கிறோம், ஆகவே அவர்கள் எங்களுக்கே விற்க வேண்டும் என்று வாதாடினார்.

1658இல் அதே கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. யானை, சங்கு, முத்து, பாக்கு, சாயவேர் என்று விலை பெறும் பொருள்களிலெல்லாம் கம்பனியின் கை இறங்கியது. எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. நாரந்தனை இருக்கும் எங்கள் தீவு லைடன் ஆயிற்று. குரோஷியஸ் பிறந்த ஊர் டெல்ஃப்ட். பதினொரு வயதில் அவர் சேர்ந்து படித்த பல்கலைக்கழகம் லைடன். மனிதர் எல்லாருக்கும் வணிக உரிமை இயற்கையானது என்று எழுதியவரின் பிறந்த ஊரும் படித்த ஊரும் எங்கள் தீவுகளின் தலையில் எழுதப்பட்டன. சங்கெடுக்கும் எங்கள் மூதாதையருக்கோ அதை விரும்பியவனுக்கு விற்கும் உரிமை இல்லை.

"கள்ளர்" என்றான் மருமகன், சிரித்தபடி.

கள்ளர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் குரோஷியஸ் கள்ளர் அல்லர். 1609இன் வாதத்தை அவர் நம்பினார். 1613இன் வாதத்தையும் நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். தடுக்கப்பட்டவனாக நிற்கும்போது உரிமை எல்லாருக்கும் உரியதாகத் தெரிகிறது. காவற்காரனாக நிற்கத் தொடங்கியதும், செலவும் பாதுகாப்பும் உடன்படிக்கையும் கண்ணுக்குப் படுகின்றன. கிளர்ச்சிக்கான எந்த வாதத்தையும் நான் இப்போது ஒரே ஒரு வழியில்தான் உரசிப் பார்க்கிறேன்: இதே வாதத்தை உனக்குக் கீழே நிற்பவன் உன்னை நோக்கிச் சொன்னால் கேட்பாயா? கேட்கமாட்டாய் என்றால் நீ பேசியது உரிமை அல்ல, உன் முறை.

அவன் சிரிப்பு அடங்கியது. நான் எங்கே வருகிறேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. மின்கலம், பெற்றோல், சீமெந்து, உரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் கார் ஓடியது. தன் குடிமக்கள் என்று தானே சொல்லும் மக்களுக்கு ஓர் அரசு செய்யக்கூடாத செயல் அது. 2002 தொடக்கம் வரை ஏதோ ஒரு வடிவில் அது நீடித்தது. 1990 ஆகஸ்டில் ஊர்காவற்றுறையில் இராணுவம் தரையிறங்கியது. நாரந்தனை வெறிச்சோடியது. அந்தத் தடையைக் கண்டித்து நான் எழுதிய பத்திகள் ஏராளம். உண்பதும் உழுவதும் வாங்குவதும் விற்பதும் மனிதனின் பிறப்புரிமை என்று எழுதினேன். ஒரு வரியையும் மீளப்பெற மாட்டேன்.

அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். அவர்களுள் இரும்பு, நகை, தோல், துணி வியாபாரிகள் பலர். கடையையும் வீட்டையும் நகையையும் விட்டு, கையில் சொற்பப் பணத்தோடு போனார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர்.

அந்த வாரம் நான் எழுதிய பத்தி பொருளாதாரத் தடை பற்றியது.

எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. போர்க்காலம், கிழக்கில் நடந்த கொலைகள், பாதுகாப்பு என்று எனக்குள் நானே காரணங்கள் கண்டுபிடித்துக்கொண்டேன். என் தந்தை அப்போது உயிரோடு இருந்தார். நாரந்தனையிலிருந்து இடம்பெயர்ந்து எங்களோடு கொக்குவிலில் தங்கியிருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "கடையெல்லாம் ஆர் எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு நிருபன் சொல்லக்கூடாத பதில்.

மருமகன் வாதாடினான், அது அவன் உரிமை. அரசு செய்தது எவ்வளவு பெரியது, இது எவ்வளவு சிறியது என்றான். எண்ணிக்கையில் இருக்கலாம். ஆனால் என் தந்தையின் கடை தனிநாட்டுக்கு நியாயம் என்றால், சோனக தெருவில் பூட்டப்பட்ட கடை எதற்கு நியாயம்? அந்தக் கடைக்காரருக்கும் புரட்சி செய்யும் உரிமை உண்டென்று ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டேன். பாஸ் இல்லாமல் ஊரைவிட்டு வெளியேற முடியாதிருந்ததையும், 2002இல் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தையில் சாமான்களுக்கு வரி கட்டியதையும் எந்தக் கணக்கில் எழுதுவது? 2001 நவம்பரில் வாக்குக் கேட்டுப் போனவர்கள் எங்கள் நாரந்தனை வீதியிலேயே தாக்கப்பட்டு இருவர் இறந்தார்களே, தாக்கியவர்களும் ஒரு காலத்தில் விடுதலை பேசிப் புறப்பட்ட வேறோர் இயக்கத்தின் வழிவந்தவர்கள்தாமே?

தெற்கும் இதிலிருந்து தப்பவில்லை. 1989இல் இந்தியப் பொருள்களை விற்கக்கூடாதென்று ஜே.வி.பி. கட்டளையிட்டபோது, பம்பாய் வெங்காயம் வைத்திருந்த சிங்களக் கடைக்காரன் உயிருக்கு அஞ்சினான். அக்கட்சியின் தலைவர் 2024 செப்டெம்பரில் சனாதிபதியாகி, டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லி சென்று வணிக உடன்பாடு பற்றிப் பேசினார். அதற்கு முந்திய மாதம் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அவருடைய அணிக்குத் தந்திருந்தோம். மாறியது நல்லதே, நான் குறை சொல்லவில்லை. அன்று வெங்காயம் விற்றதற்காகச் செத்தவனின் குடும்பத்துக்கு யாராவது கடிதம் எழுதினார்களா என்பதே என் ஐயம்.

திரும்பும் நாளில் மருமகனை யாழ்ப்பாண நகரத்துக்கு அழைத்துச் சென்றேன். அவன்தான் சோனக தெருவைப் பார்க்க வேண்டும் என்றான். சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. சில வீடுகளில் இன்னும் மரம் முளைத்து நிற்கிறது. ஒரு சிறிய இரும்புக்கடைக்கு முன் நின்றோம். கடையிலிருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். புத்தளத்தில் பிறந்தவராம், வாப்பாவின் கடை இதே இடத்தில்தான் இருந்ததாம். அம்மாவுக்குக் கொண்டுபோக ஒரு தேங்காய்த் துருவலை வேண்டும் என்று மருமகன் விலை கேட்டான். அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான்.

பிறகு அவரிடம் கதை கேட்கத் தொடங்கினான். "மாமா, நீங்களும் உள்ளுக்கு வாங்கோவன்" என்றான். அவர் ஒரு கதிரையை எடுத்துத் துடைத்துப் போட்டார். நான் என்ன தொழில் பார்த்தவன் என்று அவர் கேட்டார். பத்திரிகையில் இருந்தேன் என்றேன். எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டார்.